காது வைக்காத மரம்

"ஐயா, சுவீடன் மரம் நல்லதுங்களா, கனடா மரம் நல்லதுங்களா?"

நேத்து நான் நம்ம மர டிப்போவுக்கு வந்தப்போ புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் டீ கிளாஸை நீட்டிக்கிட்டே இதைத்தான் கேட்டார். எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. டீயை அப்படியே கீழே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். பாவம், அந்தத் தம்பி ரிட்டையர் ஆன பெரியவரைப் பேச வெச்சுச் சந்தோசப்படுத்தலாம்னு கேட்டிருக்கார். அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லே. அந்தக் கேள்வி மேலதான் கோவம். அதனால இன்னைக்கு உங்க எல்லாருக்குமா சேர்த்துச் சொல்லிப்போடறேன். நடுவுல கத்துவேன், பொறுத்துக்குங்க சாமி.

நான் சேலத்துல மரக்கடையில சேர்ந்தது உலகச் சண்டைக்கெல்லாம் ரொம்ப முந்தி. மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கற சீமை மரம் கூட்ஸ் வண்டி ஏறி சேலம் ஜங்ஷனுக்கு வரும். வெளுத்த மரம், லேசான மரம், ரம்பம் வெச்சா வெண்ணெயாட்டம் போகும். பைன் மரம்னு பேரு. தேக்குல நீள உத்திரம் வாங்க வக்கில்லாதவங்க பூராவும் எங்க கடைக்குத்தான் வருவாங்க. சரக்கு ரெண்டு நாட்டுல இருந்து வரும். ஒண்ணு சுவீடன், இன்னொண்ணு கனடா. கட்டையோட தலையில முத்திரை அடிச்சிருக்கும். சுவீடனுக்குச் சிவப்பு, கனடாவுக்கு நீலம். அதைப் பார்த்துத் தனித்தனியா அடுக்குவோம்.

மரம் வந்ததும் காது வைப்போம். நீங்களும்தான் வைக்கறீங்க, ஆனா ஏன்னு தெரியாமலே வைக்கறீங்க. கட்டையோட ஒரு தலையில ஒருத்தன் சுத்தியால மெல்லத் தட்டுவான். மறுதலையில இன்னொருத்தன் காதை ஒட்டி வெச்சுக் கேட்பான். நல்ல மரம் கணீர்னு பேசும். உள்ளே உளுத்த மரம் பொத்துன்னு அடங்கிப்போகும். வெளியில பார்த்தா மாப்பிள்ளையாட்டம் ஜம்முன்னு இருக்கும், நடு வயித்துல தூளாப் போயிருக்கும். அதைக் கண்ணால பிடிக்க முடியாது.

எங்க கடையில கனடா மரத்துக்கு மட்டும்தான் காது வைப்போம். நான் சேர்றதுக்கு முந்தியே அப்படித்தான் வழக்கம். எப்பவோ ஒரு லோடு கனடா மரம் உளுத்து வந்துச்சாம். அதே சமயத்துல வந்த சுவீடன் மரம் காய்ஞ்சு, நேரா, கல்லாட்டம் இருந்துச்சாம். அன்னைக்கே எங்க முதலாளி, "சுவீடனுக்குக் காது வெச்சு நேரத்தைப் போக்காதீங்க, அது சொக்கத்தங்கம்"னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் எத்தனையோ கப்பல் வந்து போச்சு, அந்தச் சொல்லு மாறவே இல்லே.

பழுதுன்னு கழிச்ச கட்டையைக் கடையோட மூலையில புங்க மரத்தடியில குவிச்சு வெச்சிருப்போம். யாராச்சும் வாங்க வந்தா முதலாளி முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவார். "பாருங்க, இத்தனை வருசமா ரெண்டு நாட்டு மரத்தையும் பார்த்துக் கழிச்சது. இதுல ஒரு சிவப்பு முத்திரை இருக்குதா, தேடிப் பாருங்க"ம்பார். வந்தவங்க குனிஞ்சு தேடுவாங்க. பூராவும் நீலமாத்தான் இருக்கும். ஆகா ஓகோன்னு சொல்லிட்டுச் சிவப்பு முத்திரையை வாங்கிட்டுப் போவாங்க. பக்கத்துல நின்னு நாங்களும் தலையாட்டுவோம்.

இப்போ பொன்னுசாமி ஆசாரியைப் பத்திச் சொல்லணும். வாழப்பாடிக்காரர். கூரை வேலையிலும் தறி செய்யறதுலயும் அவர் பேரைச் சொன்னா அந்தப் பக்கத்துல மறுபேச்சு இல்லே. வாழப்பாடியில ஒரு நிலக்கடலை மண்டிக்கு அவர்தான் கூரை போட்டார். உத்திரம் எங்க கடைச் சுவீடன். கூரை போட்ட மறு வருசம், பட்டப்பகல்ல, மூட்டை அடுக்கிட்டு இருக்கறப்போ ஒரு உத்திரம் முறிஞ்சு விழுந்துருச்சு. கீழே நின்ன மாரிமுத்துங்கற மூட்டை தூக்கறவரோட காலு நசுங்கிப்போச்சு. முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. அப்போதான் அவருக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. அந்தக் கல்யாணமும் நின்னுபோச்சு.

ஆசாரி அன்னைக்குக் கெங்கவல்லியில வேலையா இருந்தார். சேதி கேட்டு ஓடி வர்றதுக்குள்ளே முறிஞ்ச உத்திரத்தை வெட்டி எரிச்சுட்டாங்க. ஆளை விழுத்தின கட்டையை எடத்துல வெச்சிருக்கக்கூடாதுன்னு மண்டிக்காரர் ஊட்டுல சொல்லிட்டாங்களாம். ஆசாரி வந்து பார்த்தது சாம்பலைத்தான். எங்க முதலாளியும் போய் நின்னார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார், குனிஞ்சு சாம்பலைப் பார்த்தார். "மரம் சுவீடன். மரத்துல குத்தம் இருக்க வழியே இல்லே. ஆசாரி மரத்தைச் சேர்த்த பொருத்துதான் சரியில்லே"ன்னுட்டு வண்டி ஏறிட்டார்.

அவ்வளவுதான், ஆசாரி பொழப்பு போச்சு. ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடலே. சந்தைக்குப் போனா மாரிமுத்து அக்குள் கோலை ஊனிக்கிட்டு எதுக்க வந்து, "அதா வர்றான் பாரு, என் காலைத் தின்னவன்"னு கத்துவார். ஆசாரி ஊரை விட்டே சேலம் வந்துட்டார். எங்க கடைக்குப் பக்கத்துல மாம்பழப் பெட்டிக்கு ஆணி அடிச்சுட்டுக் கெடந்தார். தறி செஞ்ச கை அது! என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார். "கந்தசாமி, கால் போனவன் திட்டறான், திட்டட்டும். ஆனா அந்தப் பொருத்தை நான் சரியாத்தான் போட்டேன். அதை யாருகிட்டச் சொல்லுவேன்?"

அப்படி இருக்கறப்போதான் ராசிபுரத்துல இருந்து பாவாயம்மா வந்தாங்க. நெசவுக்காரங்க. வீட்டுக்காரர் தவறினப்புறம் தறியெல்லாம் அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க. அஞ்சாறு குடும்பத்தை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வெச்சு நெய்யறதுக்கு நீளமா ஒரு கொட்டகை போடணும், நடுவுல தூணே வரக்கூடாதுன்னு நீள உத்திரம் கேட்டு வந்தாங்க. முதலாளி வழக்கம்போலக் குவியலைக் காட்டினார், அவங்களும் சிவப்பு முத்திரையையே எடுத்தாங்க. எடுத்துட்டு வெளியே வந்தவங்க பெட்டி அடிக்கிற எடத்துல ஆசாரியைப் பார்த்துட்டாங்க.

"ஏனுங் ஆசாரியாரே, நீங்க இங்கென்ன பண்றீங்க? வாங்க எங்கூருக்கு, கொட்டகை போடணும்."

முதலாளி குறுக்கே விழுந்தார். "அம்மா, அந்த ஆளு வேண்டாம். வாழப்பாடியில கூரையை விழுத்துனவன். என் மரத்துக்கும் சேர்த்துக் கெட்ட பேரு."

"எங்கூட்டுத் தறி பூராவும் இவரு செஞ்சதுங்க. செஞ்சவரும் இருக்காரு, தறியும் ஓடுது. எனக்கு அது போதும்"னுட்டாங்க பாவாயம்மா.

உத்திரம் ஏத்தற அன்னைக்கு நானும் மர வண்டியோட ராசிபுரம் போனேன். முதலாளி அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். நடு உத்திரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, மாவிலை கட்டி, தேங்காய் உடைச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் குடும்பத்துக்காரங்க எல்லாரும் குழந்தை குட்டியோட சுத்தி நிக்கறாங்க. கயிறு கட்டியாச்சு, தூக்கறதுக்கு ஆள் ரெடி, நல்ல நேரம் ஓடிட்டிருக்குது. அப்போ ஆசாரி என் கையைப் பிடிச்சுச் செவுத்தோரமா இழுத்தார்.

"கந்தசாமி, ஒரே ஒரு தடவை இதுக்குக் காது வெச்சுப் பாருப்பா."

"சுவீடனுங்களே ஆசாரியாரே."

"இருக்கட்டும்ப்பா. இன்னொரு உத்திரம் விழுந்துச்சுன்னா நான் உசுரோட இருந்து பிரயோசனமில்லே. எனக்காக வை."

அந்த மொகத்தைப் பார்த்துட்டு எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? நான் மறுதலைக்குப் போய் மண்டி போட்டுக் காதை வெச்சேன். ஆசாரி கொட்டாப்புளியால ஒரு தட்டுத் தட்டினார். பொத். இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டச் சொன்னேன். பொத்.

"நிறுத்துங்க, இந்த மரத்தை ஏத்தாதீங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேக்கணுமே! பாவாயம்மாவோட கொழுந்தனார் பாய்ஞ்சு வந்தார். "மஞ்சக் குங்குமம் வெச்ச உத்திரத்தைத் தட்டி அபசகுனம் பண்றீங்களா? நேரம் போகுது, தூக்குங்கடா!" முதலாளிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "டேய் கந்தா, கிறுக்குப் பிடிச்சுப்போச்சா உனக்கு? இந்த ஆசாரிப் பயலுக்கு ஒத்து ஊதறியா? இத்தனை வருசத்துல நாம கழிச்ச மரத்துல ஒரு சிவப்பு முத்திரை உண்டா? நாலு பேரு முன்னாடி சொல்லு!"

"இல்லீங்க."

"ஒண்ணாச்சும்?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்புறமென்னடா?"

அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சுது. இத்தனை நாளா அந்தக் குவியலுக்குப் பக்கத்துல நின்னு தலையாட்டியிருக்கேன், அப்பெல்லாம் உறைக்காதது அங்க உறைச்சுது.

"முதலாளி, சுவீடனுக்கு நாம என்னைக்குக் காது வெச்சோம்?"

பாவாயம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "என்ன தம்பி சொல்றே? எனக்குப் புரியறாப்பிலே சொல்லு"ன்னாங்க.

"அம்மா, கனடா மரத்தை மட்டும்தான் நாங்க தட்டிப் பார்த்தோம். அதனால கனடாவுல மட்டும்தான் பழுதைக் கண்டுபிடிச்சோம். சுவீடனைத் தட்டவே இல்லே. அதுல பழுது வந்துச்சா வரலையான்னு எங்க யாருக்கும் தெரியாதுங்க."

"அப்போ தட்டாத மரத்தையெல்லாம் நல்ல மரம்னு சொல்லியா வித்தீங்க?"

முதலாளிதான் சமாளிச்சுக்கிட்டு எந்திரிச்சார். "சத்தத்தை வெச்சு என்ன தெரியும்? அறுத்துத்தான் பார்க்கணும். அறுத்தா உத்திரம் போச்சு, இவ்வளவு நீளத்துக்கு வேற மரம் இப்போ கைவசம் இல்லே. உள்ளே நல்லா இருந்துச்சுன்னு வையி, கந்தா, நீ என் கடை வாசலை மிதிக்கக்கூடாது. இந்த ஆளு இந்த ஜில்லாவுலயே உளியைத் தொடக்கூடாது. சம்மதமா?"

ஆசாரி என்னைப் பார்த்தார். எனக்கு வீட்டுல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. எனக்கும் பயம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒரு தலையில பொத்துன்னா நடுவுலயும் அப்படியே இருக்கும்னு எழுதியா வெச்சிருக்குது? ஆனா அந்த நேரத்துல நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன். தப்பாப் போனா எனக்குப் போறது வேலை. ஏத்தி விட்டுத் தப்பாப் போனா இந்தக் குழந்தைங்க தலையில விழும். தம்பிகளா, நெருக்கடின்னு வந்தா எந்தத் தப்பைத் திருப்பிச் சரி பண்ண முடியாதுன்னு பாருங்க. சரி பண்ண முடியற தப்பைப் பண்ணத் துணிஞ்சுக்குங்க. நான் சம்மதம்னு சொன்னேன்.

பாவாயம்மா மாவிலையை அவங்க கையாலயே அவுத்தாங்க. உத்திரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "அறுங்க"ன்னாங்க.

ஆசாரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இழுவை ரம்பத்தை வெச்சோம். தூள் வெள்ளை வெளேர்னு கொட்டுச்சு. இன்னும் இறங்கினோம், அப்பவும் வெள்ளைதான். முதலாளி உள்ளுக்குள்ளே சிரிக்கிறது எனக்குத் தெரியுது. ஆசாரி கண்ணை இறுக்க மூடிக்கிட்டு இழுக்கறார், வேர்வை மூக்கு நுனியில சொட்டுது. திடீர்னு ரம்பம் லேசாப் போச்சு, எதுக்கறதுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லாதமாதிரி. தூளு பழுப்பாக் கொட்ட ஆரம்பிச்சுது. ஈரச் சாக்கு நாத்தம் அடிச்சுது. கட்டை ரெண்டாப் பிரிஞ்சப்போ நடுவுல கையை விட்டு வெல்லம் மாதிரி உதுத்து எடுக்கலாம். அந்தக் கொழுந்தனார் எடுத்துப் பார்த்தார், கையைத் துடைச்சுக்கிட்டு ஓரமாப் போய் நின்னார்.

ஆசாரி ரம்பத்தைக் கீழே வெச்சுட்டு நேரா முதலாளிகிட்டப் போனார். கையைக் கூப்பினார். "முதலாளி, நடந்தது நடந்துபோச்சுங்க. வாழப்பாடிக்கு ஒரே ஒரு நடை வாங்க. பொருத்துல குத்தம்னு சொன்னீங்களே, அதைத் தெரியாமச் சொல்லிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அது வேற மரம், இது வேற மரம்ப்பா. அந்தக் கட்டைதான் சாம்பலாப் போச்சே. அது உளுத்துதா இல்லையான்னு யாரு கண்டா?"

நான் கத்திட்டேன். முதலாளின்னும் பார்க்கலே, சபைன்னும் பார்க்கலே. "குத்தம் சொல்றப்போ மட்டும் சாம்பலைப் பார்த்தே தெரிஞ்சுதுங்களா? அப்போ 'யாரு கண்டா'ன்னு ஏன் சொல்லலே? மரத்துக்கு ஒரு ஞாயம், மனுசனுக்கு ஒரு ஞாயமா?" அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "வேற மரம் அனுப்பறேன்மா"ன்னு பாவாயம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

வேலை போச்சுன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் மறுநாள் கடைக்குப் போனேன். போகலே. மனுசன் ஒண்ணுமே நடக்காதமாதிரி என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா கந்தா, இன்னையில இருந்து சுவீடனுக்குக் காது வை."

"சரிங்க முதலாளி."

"கனடாவுக்கு வேண்டாம். யோசிச்சுப் பார்த்தேன், கனடாதான் நல்ல மரம்."

எனக்குச் சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியலே. நேத்து ஒரு உத்திரம் ரெண்டாப் பொளந்து கெடந்ததைக் கண்ணால பார்த்த மனுசன் பேசற பேச்சாங்க இது? ஒரு நாட்டை எறக்கிட்டு இன்னொரு நாட்டைத் தூக்கி அதே முக்காலியில உட்கார வெச்சுட்டார். அவருக்குத் தட்டாம ஒரு மரம் வேணும், அவ்வளவுதான். சுத்தியை அவர் முன்னாடி வெச்சு, "பாவாயம்மாவுக்குப் போற மரத்தை ரெண்டு நாட்டுலயும் தட்டித்தான் எடுப்பேன். பிடிக்கலேன்னா இந்தாங்க, நீங்களே தட்டிக்குங்க"ன்னேன். அவர் சுத்தியைப் பார்த்தார், ஜங்ஷன்ல வந்து நிக்கற லோடை எறக்க ஆள் வேணுமேன்னு நெனைச்சார், "என்னமோ பண்ணித் தொலை"ன்னுட்டார்.

அன்னையில இருந்து கடையில ரெண்டுக்கும் காது வெச்சோம். புங்க மரத்தடியில நீலத்தோட சிவப்பும் சேர்ந்துச்சு. ஒரு கப்பல்ல சிவப்பு அதிகமாக் கழியும், அடுத்த கப்பல்ல நீலம் அதிகமாக் கழியும். ஒரு வருசம் ரெண்டுமே தங்கமா வந்துச்சு. அப்புறம் சண்டை வந்து கப்பலே நின்னுபோச்சு. இதுல எந்த நாடு நல்ல நாடுன்னு நான் உங்களுக்குச் சொல்றது? நீங்க ரெண்டு நாட்டு மரத்தை ஒப்பிட்டுப் பார்க்கணுமா, தாராளமாப் பாருங்க. ரெண்டையும் ஒரே மாதிரித் தட்டிட்டு அப்புறம் பேசுங்க. ஒண்ணைத் தட்டி ஒண்ணைத் தட்டாம விட்டுட்டு, பத்து வருசம் பார்த்தேன் இருபது வருசம் பார்த்தேன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

இருங்க, இன்னும் முடியலே. ஆசாரி அந்த உளுத்த கட்டையில ஒரு துண்டைப் பாவாயம்மாகிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டார். வாழப்பாடிச் சந்தை அன்னைக்கு அதை வண்டியில போட்டுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் போனோம். சந்தை முகப்புல கட்டையை எறக்கி வெச்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அது பக்கத்துல நின்னார்.

கொஞ்ச நேரத்துல மாரிமுத்து கோலை ஊனிக்கிட்டு வந்துட்டார். "என் காலைத் தின்னது பத்தலையா? மறுபடி எதுக்குடா இந்த ஊருக்கு வந்தே?" கூட்டம் கூடிருச்சு. ஆசாரி நிமிரவே இல்லே. நான்தான் முன்னால போய் ராசிபுரத்துல நடந்ததையெல்லாம் சொன்னேன். மாரிமுத்து கட்டையை உத்துப் பார்த்தார். கோலைத் திருப்பிப் பிடிச்சு அதால ஒரு தட்டுத் தட்டினார். பொத். இன்னொரு தடவை தட்டினார்.

"என் மேல விழுந்தது இதுதானா?"

எனக்கு ஆமான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். ஆனா சொல்லலே. "இல்லீங்க. அதை எரிச்சுட்டாங்க. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பொருத்து தப்புன்னு சொன்ன எங்க முதலாளிக்கும் தெரியாது. எங்க கடையில அதை யாரும் தட்டிப் பார்க்கலே. இது மட்டும்தான் நெசம்."

"அப்போ இத்தனை வருசமா நான் யாரைய்யா திட்டிட்டு இருந்தேன்?"

அவர் ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு ஆசாரியையே பார்த்தார். ஆசாரியும் அப்போதான் தலையைத் தூக்கினார். மாரிமுத்து மெல்லக் கையை ஊனி அந்த உளுத்த கட்டை மேலயே உட்கார்ந்தார். உட்கார்ந்துட்டு, அக்குள்ல இருந்த கோலை எடுத்து ஆசாரிகிட்ட நீட்டினார்.

"இந்தக் கோலோட குறுக்குக் கட்டை ரொம்ப நாளா ஆடுது. பொருத்திக் குடு."

ஆசாரி ரெண்டு கையாலயும் அதை வாங்கிக்கிட்டார். இடுப்புல இருந்த உளியை எடுத்து, சந்தை ஜனம் பூராவும் பார்க்க, வாழப்பாடி மண்ணுலயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பிச்சார்.